இரண்டாம் எண் வாயில்

கதான்ஸ்க் நகரத்துக்கு நான் வரலாறு படிக்கப் போகவில்லை. ஒரு வங்கியின் பழைய மென்பொருளைப் புது சர்வருக்கு மாற்றும் வேலை. ஏழு மாத ஒப்பந்தம். பிப்ரவரியில் போய் இறங்கியபோது மதியம் மூன்றரை மணிக்கே வெளிச்சம் வடியத் தொடங்கியிருந்தது. காற்று பால்டிக் கடலிலிருந்து நேராக வந்து காதைத் தேடிப் பிடித்து அறைந்தது.

கிளம்புவதற்கு முந்தைய வாரம் பள்ளிபாளையத்தில் அப்பாவிடம் சொன்னபோது, "எந்த ஊரு?" என்றார்.

"கதான்ஸ்க். போலந்துல ஒரு துறைமுகம்ப்பா. கப்பல் கட்டுற ஊரு."

தறியில் அறுந்த இழையைப் பிணைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அந்த வலேசா ஊரா?"

எனக்கு ஆச்சரியம். அப்பா எட்டாவதோடு நின்றவர். ஆனால் முப்பது வருஷம் செங்கொடிச் சங்கத்தில் இருந்தவர். பேப்பரில் வெளிநாட்டுச் செய்திப் பக்கத்தைத்தான் முதலில் படிப்பார். "அவன் தொழிலாளி பேரைச் சொல்லி அமெரிக்காவுக்கு வேலை பார்த்தவன் கண்ணு. சோசலிசத்துல மொதல் ஓட்டை அங்கதான் விழுந்துச்சு," என்றார். நாடா திரும்ப ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தச் சத்தத்தில் மேற்கொண்டு பேச முடியாது. விசைத்தறிக்காரர் வீடுகளில் பாதி விவாதங்கள் இப்படித்தான் முடியும்.

அந்த ஏழு மாதமும் ஒரு வகையில் அப்பாவுக்குப் பதில் தேடிய காலம். பதில் கிடைத்ததா என்பது வேறு விஷயம்.

முதலில் ஆறு. எந்தப் புது ஊருக்குப் போனாலும் ஆற்றைத் தேடுவது என் பழக்கம். இக்கரையில் பள்ளிபாளையம், அக்கரையில் ஈரோடு, நடுவில் காவிரி என்று வளர்ந்தவனுக்கு ஆறு இல்லாத ஊர் திசை தெரியாத ஊர். விஸ்துலா போலந்தின் நம் காவிரி. தெற்கே மலையில் பிறந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடி இங்கே கடல் சேர்கிறது. ஆனால் நகரத்தை ஒட்டி ஓடும் கிளைக்கு வரைபடத்தில் 'இறந்த விஸ்துலா' என்று பெயர் போட்டிருந்தது. 1895-இல், வெள்ளத்துக்கும் பனிக்கட்டி அடைப்புக்கும் பயந்து, ஆற்றுக்குக் கிழக்கே நேராக ஒரு புதுக் கால்வாய் வெட்டிக் கடலில் விட்டுவிட்டார்கள். பழைய முகத்துவாரம் அசையாத நீராகிவிட்டது. கொள்ளிடம் தண்ணீரை வாங்கிக்கொள்ள, பூம்புகாரில் காவிரி வாய்க்கால் போலக் கடலைத் தொடுகிறதே, அது நினைவுக்கு வந்தது. கப்பல் கட்டும் தளம் இந்த இறந்த ஆற்றின் கரையில்தான் இருக்கிறது.

நகருக்குள் ஓடுவது மோட்வாவா என்ற சின்ன ஆறு. அதன் கரையில் ஒரு கறுத்த மரக் கட்டடம் தண்ணீரின் மேல் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். அஞ்சலட்டைகளில் எல்லாம் அதுதான். 1440-களில் கட்டிய பாரந்தூக்கி. அதன் உள்ளே ஆறு மீட்டருக்கும் அதிக விட்டமுள்ள மரச் சக்கரங்கள் உண்டு. அந்தச் சக்கரங்களுக்குள் மனிதர்கள் நடப்பார்கள். அவர்கள் நடக்க நடக்கக் கயிறு சுற்றும், நான்கு டன் வரை சரக்கு மேலே ஏறும், பாய்மரம் கப்பலில் நிற்கும். நாளெல்லாம் நடந்தாலும் ஓர் அடி முன்னே போயிருக்க மாட்டார்கள். வழிகாட்டிப் பெண் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு தறிக்கு நடுவே பன்னிரண்டு மணி நேரம் நடக்கிற ஒருவரை எனக்குத் தெரியும்.

அந்தப் பாரந்தூக்கியைச் சுற்றியுள்ள வீதிகளின் அழகும் அப்படி வந்ததுதான். பதினாறு, பதினேழாம் நூற்றாண்டுகளில் போலந்துச் சமவெளியின் ரை தானியமும் கோதுமையும் படகுகளில் விஸ்துலா வழியே இறங்கி இங்கே கப்பலேறி ஆம்ஸ்டர்டாமுக்குப் போயின. விளைவித்தவர்கள் பிரபுக்களின் நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையடிமைகள். நடுவில் நின்று வாங்கி விற்ற வணிகர்கள், ஹாலந்து பாணியில் ஒடுக்கமாகவும் உயரமாகவும் வீடு கட்டிக்கொண்டார்கள். லுங்கி நெய்வது ஒரு கரை, விற்பது மறு கரை என்பது போல.

நகரத்தின் பெயர்ப் பிரச்சினைக்கு வருகிறேன். இந்த ஊரைப் பற்றி எதையாவது தேடினால் பாதிப் புத்தகங்களில் 'டான்சிக்' என்றுதான் இருக்கும். 997-இல் நடந்ததைச் சொல்லும் ஒரு கையெழுத்துப் பிரதியில்தான் முதல் தடவையாக இந்த ஊர் தலைகாட்டுகிறது. 1308-இல் டியூட்டானிக் வீரர்கள் என்ற ஜெர்மானியப் படைத்துறவிகள் பிடித்துப் பெரும் கொலை நடத்தினார்கள். 1454-இல் நகரத்தாரே அவர்களை விரட்டிவிட்டு, போலந்து அரசரின் கீழ் ஏகப்பட்ட சலுகைகளோடு போனார்கள். பேசிய மொழி பெரும்பாலும் ஜெர்மன், வணங்கிய அரசர் போலிஷ், கும்பிட்ட சாமி வியாபாரம். 1793-இல் பிரஷ்யா எடுத்துக்கொண்டது. முதல் உலகப் போருக்குப் பின் யாருக்கும் கொடுக்க முடியாமல், 1920-இல் 'சுதந்திர நகரம்' ஆக்கினார்கள். 1939 செப்டம்பர் 1 விடிகாலையில், நல்லெண்ண வருகை என்று சொல்லித் துறைமுகத்தில் நின்றிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் ஒன்று வெஸ்டர்பிளாட்டே முனையிலிருந்த போலிஷ் காவல் நிலையைச் சுட்டது. இரண்டாம் உலகப் போர் அங்கே தொடங்கியதாகத்தான் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன.

1945 மார்ச் கடைசியில் செஞ்சேனை நுழைந்து முடித்தபோது பழைய நகரம் ஏறத்தாழ முழுக்கச் செங்கல் குவியல். போருக்கு முன் இங்கிருந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் ஜெர்மானியர்கள். ஓடியவர்கள் போக மிச்சமிருந்தவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். சோவியத் எல்லை மேற்கே நகர்ந்ததால் வில்னோ போன்ற ஊர்களை இழந்த போலிஷ்காரர்கள் மூட்டையோடு வந்து இங்கே குடியேறினார்கள். அடுப்பு இருந்தது, அலமாரி இருந்தது, அலமாரிக்குள் வேறு யாருடைய தட்டுகளோ இருந்தன.

அவர்கள் செய்த ஒரு காரியம் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. இடிந்த நகரத்தைத் திரும்பக் கட்டினார்கள். ஆனால் 1939-இல் இருந்தபடி இல்லை. பிரஷ்யக் காலத்தில் சேர்ந்த மாடிகளையும் முகப்புகளையும் விட்டுவிட்டு, அதற்கு முந்தைய, போலந்து அரசர் காலத்து நகரத்தின் சாயலில் கட்டினார்கள். முன்பக்கம் பதினேழாம் நூற்றாண்டு. சந்து வழியாகப் பின்னால் போய்ப் பார்த்தால் சோசலிசக் காலத்து அடுக்குமாடி வீடு, கொடியில் துணி காய்கிறது, பிள்ளைகள் சைக்கிள் விடுகிறார்கள். எங்கள் தொழிலில் இதற்குச் சரியான பெயர் உண்டு. பழைய பதிப்புக்குத் திரும்புவது, நடுவில் செய்த மாற்றங்கள் அழிந்துவிடும் என்று தெரிந்தே.

அழிந்தவை முழுசாக அழிவதில்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தேவாலயத்தின் அருகே 'இல்லாத கல்லறைகளின் கல்லறை' என்று ஓர் இடம் இருக்கிறது. போருக்குப் பிறகு சமன் செய்யப்பட்ட ஜெர்மன், யூத மயானங்களுக்காக 2002-இல் நகரமே எழுப்பியது. அங்கே போன அன்று மழை. யாருமில்லை.

இந்த ஊர்க்காரர்களில் இருவர் நம் பக்கம் திரும்பிப் பார்த்தவர்கள். 1788-இல் இங்கே பிறந்த ஷோபன்ஹவர். பிரஷ்யா நகரத்தை எடுத்த 1793-இல், அவர் குடும்பம் அதன் கீழ் வாழ மாட்டோம் என்று ஹாம்பர்க் போய்விட்டது. தாரா ஷுகோ பாரசீகத்தில் பெயர்க்கச் செய்த உபநிடதங்கள் லத்தீனுக்குப் போய் அவர் கைக்கு வந்து சேர்ந்தன. கடைசிவரை அதை விடவில்லை. இன்னொருவர் குந்தர் கிராஸ். 1927-இல் இந்த நகரின் புறத்தே ஒரு மளிகைக்கடை வீட்டில் பிறந்தவர். 1986-87-இல் சில மாதங்கள் கல்கத்தாவில் வாழ்ந்து, வெட்கத்தில் நாக்கை நீட்டும் காளியைத் தலைப்பில் வைத்துப் புத்தகம் எழுதினார். ஊரின் மனசாட்சி மாதிரி பேசிவந்தவர், பதினேழு வயதில் ஹிட்லரின் வாஃபன் எஸ்எஸ் படையில் இருந்ததை 2006-இல்தான் வெளியே சொன்னார். கதான்ஸ்கின் கௌரவக் குடியுரிமையை அவர் விட்டுத்தர வேண்டும் என்று முதலில் சொன்ன வலேசா, பிறகு இறங்கிவந்தார். இந்த ஊரில் யாருடைய கணக்கும் சுத்தமாக முடிவதில்லை.

கப்பல் தளத்துக்கு ஏப்ரலில்தான் போனேன். இரண்டாம் எண் வாயில் இன்னும் இருக்கிறது. சாதாரண இரும்புக் கம்பிக் கதவு. எங்கள் ஊர்க் காகித ஆலையின் வாசல் இதைவிடப் பெரியது. எதிரே 42 மீட்டர் உயரத்தில் மூன்று எஃகுச் சிலுவைகள், அவற்றில் நங்கூரங்கள். 1970 டிசம்பரில் செத்தவர்களுக்கு.

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, அரசு உணவுப் பொருட்களின் விலையை ஏற்றியது. தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். தொழிலாளர் அரசு சுட்டது. கடற்கரை நகரங்களில் மொத்தம் 45 பேர் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு. சிலர் இந்த வாயிலிலேயே விழுந்தார்கள். அதிலிருந்து ஒரு பாடத்தை மட்டும் எல்லோரும் மனதில் வைத்துக்கொண்டார்கள்: அடுத்த தடவை தெருவுக்குப் போகக்கூடாது. உள்ளேயே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்த தடவை பத்து வருஷம் கழித்து வந்தது. அன்னா வலென்டினோவிச் என்ற கிரேன் ஓட்டும் பெண்மணி. வெல்டராக வேலையில் சேர்ந்தவர், கணவரை இழந்தவர், சொந்தமாகப் பேசத் தெரிந்தவர். அரசு சாராத தொழிற்சங்கம் வேண்டும் என்று கூட்டம் போட்ட சின்னக் குழுவில் இருந்தார். 1980 ஆகஸ்ட் 7-ஆம் தேதி அவரை வேலைநீக்கம் செய்தார்கள். ஓய்வு பெற ஐந்து மாதம்தான் பாக்கி. அவரை நீக்கிய நிறுவனத்தின் பெயர் லெனின் கப்பல் தளம்.

ஆகஸ்ட் 14 வியாழக்கிழமை காலை வேலை நின்றது. முதல் கோரிக்கையே அந்த அம்மாளைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பதுதான். நாலு வருஷத்துக்கு முன் நீக்கப்பட்டிருந்த எலக்ட்ரீசியன் லேக் வலேசா உள்ளே வந்து தலைமை ஏற்றார். சுவர் ஏறிக் குதித்து வந்ததாகச் சொல்வார்கள். சம்பளத்தில் 2000 ஸ்வாட்டி உயர்வு, 1970-இல் செத்தவர்களுக்கு நினைவுச்சின்னம் என்று பட்டியல் நீண்டது. தொழிலாளர்கள் வற்புறுத்த, இயக்குநரின் சொந்தக் காரையே அனுப்பி அன்னாவை வீட்டிலிருந்து அழைத்து வந்தார்கள்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் அப்பாவிடம் சொல்ல ஆசைப்பட்டேன். உலகம் நினைவில் வைத்திருப்பது ஆகஸ்ட் 31. துணைப் பிரதமரோடு ஒப்பந்தம், போப்பாண்டவர் படம் போட்ட பெரிய பேனாவில் வலேசா கையெழுத்து. ஆனால் என் கணக்கில் முக்கியமான நாள் ஆகஸ்ட் 16, சனிக்கிழமை.

அன்று நிர்வாகம் இறங்கிவந்தது. 1500 ஸ்வாட்டி தருகிறோம். அன்னாவும் வலேசாவும் வேலைக்கு வரலாம். நினைவுச்சின்னமும் கட்டலாம். வலேசா ஒப்புக்கொண்டு, வேலைநிறுத்தம் முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று அறிவித்தார். ஆட்கள் மூன்று நாள் அழுக்கோடு வீட்டுக்குக் கிளம்பினார்கள்.

ஆனால் அதற்குள் ஊரில் டிராம் நின்றிருந்தது, பஸ் நின்றிருந்தது, சின்னச் சின்னப் பட்டறைகள் நின்றிருந்தன. எல்லாம் கப்பல் தளத்தை நம்பி. பதினாறாயிரம் பேர் உள்ள இடம் தனக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டு போய்விட்டால், நூறு பேர் உள்ள இடத்துக்கு என்ன ஆகும்? முந்தின நாள் தன் டிராமை நடுவழியில் நிறுத்திவிட்டு வந்திருந்த ஹென்ரிகா கிஷிவோனோஸ் என்ற பெண் அங்கேயே கத்தினார்: நீங்கள் போய்விட்டால் எங்களை நசுக்கிவிடுவார்கள், டாங்கியை எதிர்த்து பஸ் நிற்க முடியுமா என்று. வலேசாவுக்கு உறைத்தது. ஆனால் ஒலிபெருக்கி இணைப்பு நிர்வாகத்தின் கையில் இருந்தது. கும்பல் வாயிலை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. அன்னாவும் மருத்துவமனை நர்ஸ் அலீனா பியென்கோவ்ஸ்காவும் வாயில்களுக்கு ஓடினார்கள். ஒரு பீப்பாய் மேல் ஏறி நின்று அலீனா பேசினார் என்பார்கள். பாதிக் கதவைச் சாத்தினார்கள். நிறையப் பேர் போய்விட்டார்கள். கொஞ்சம் பேர் நின்றார்கள். அந்தக் கொஞ்சம் பேர் போதுமாக இருந்தது.

அன்று இரவே மற்ற ஆலைகளின் ஆட்கள் வந்து உட்கார்ந்து ஒரு கூட்டுக் குழு அமைத்தார்கள். 21 கோரிக்கைகள் எழுதப்பட்டன. முதலாவது, கட்சியிலிருந்தும் முதலாளியிலிருந்தும் சுதந்திரமான சங்கம். கடைசி, சனிக்கிழமை விடுமுறை. இரண்டு இளைஞர்கள் அதை ஒட்டுப்பலகையில் எழுதி வாயிலில் மாட்டினார்கள். அந்தப் பலகைகளை இராணுவச் சட்டக் காலத்தில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். இப்போது வாயிலை அடுத்த ஐரோப்பிய ஒருமைப்பாட்டு மையத்தில் இருக்கின்றன. துருப்பிடித்த கப்பல் உடல் மாதிரி சுவருள்ள கட்டடம் அது. ஒரு பக்கம் பலகையும், மறுபக்கம் தொழிலாளர்களின் மஞ்சள் தலைக்கவசங்கள் மேற்கூரையிலும். அதன் கீழே நின்றுதான் அப்பாவுக்கு போன் போட்டேன்.

ஏனென்றால் இதே கதை எனக்குத் தெரியும். நான் ஆறாவது படிக்கும்போது பள்ளிபாளையத்தில் கூலி உயர்வுக்காகத் தறிகள் நின்றன. தூக்கம் வராத அளவுக்கு ஊர் அமைதியாகிவிட்டது. இருபது நாள் கழித்துப் பெரிய பட்டறைகள் பேசி முடித்துக்கொண்டன. அந்தத் தறிகள் ஓட ஆரம்பித்தன. அப்பா வேலை பார்த்தது நாலு தறி மட்டும் உள்ள ஒரு சின்னப் பட்டறை. அங்கே யாரும் பேச வரவில்லை. அப்பா வாங்கியிருந்த முன்பணம் பட்டறைக்காரரிடம் நின்றது. திருப்பித் தராமல் வேறு பட்டறைக்குப் போகவும் முடியாது. பழைய கூலிக்கே போனார். அதைப் பற்றி அவர் அப்புறம் பேசியதே இல்லை. இன்றைக்கும் எங்கள் ஊர் பெயர் செய்தியில் வந்தால் அது வட்டிக்கடனாக இருக்கும், இல்லை கடனுக்காகக் கிட்னி விற்ற தறித்தொழிலாளியாக இருக்கும்.

போனில் 16-ஆம் தேதிக் கதையை முழுக்கக் கேட்டார். நடுவில் 'ம்' கூடக் கொட்டவில்லை. கடைசியில், "கதவச் சாத்துன அந்தப் பொம்பளைங்க பேரு என்ன?" என்றார். சொன்னேன். எழுதிக்கொண்டாரா தெரியவில்லை. "வலேசா வெளிய போகச் சொன்னான்தானே," என்று மட்டும் சொன்னார். குரலில் ஒரு திருப்தி.

சோலிதார்னோஷ்ச் என்ற அந்தச் சங்கத்தின் பெயரைத் தமிழில் 'ஒருமைப்பாடு' என்று எழுதுகிறோம். எனக்கு அது போதவில்லை. தேசிய ஒருமைப்பாடு என்று பள்ளிச் சுவரில் எழுதி எழுதி அந்த வார்த்தை வெளுத்துவிட்டது. அன்று வாயிலில் நடந்ததற்கு, "நம்ம வேலை முடிஞ்சுது, ஆனா அவங்களுது முடியல" என்ற பேச்சுத்தான் கிட்டத்தில் வருகிறது.

இதை எழுதும்போது ஒன்றை மறைத்தால் ஒழுங்காக இருக்காது. ஜூன் மாதம் எங்கள் குழுவில் ஒருவரை நீக்கினார்கள். ஐம்பதைத் தாண்டியவர். அந்தப் பழைய மென்பொருளை முதலில் எழுதியவர்களில் ஒருவர். எனக்கு அதன் மூலை முடுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர். வேலையை எனக்குக் கைமாற்றி முடித்த வாரத்தில் அவருக்கு மின்னஞ்சல் வந்தது. குழு அரட்டையில் எல்லோரும் ஒரு சோக முகம் போட்டோம். நானும் போட்டேன். எனக்கு விசா, ஒப்பந்தம், வீட்டுக்கடன். முன்பணம் வேறு வேறு உருவத்தில் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாயில் பக்கம் போகவில்லை. ஒலீவாப் பூங்காவில் சும்மா நடந்துவிட்டு வந்தேன்.

கதையின் மீதி அப்பாவுக்கும் பிடிக்காது, வலேசா பக்தர்களுக்கும் பிடிக்காது. சங்கத்தில் சுமார் ஒரு கோடிப் பேர் சேர்ந்தார்கள். 1981 டிசம்பர் 13-இல் இராணுவச் சட்டம். தலைவர்கள் சிறையில். வலேசாவுக்கு 1983-இல் நோபல். 1989 ஜூன் தேர்தலில் ஆட்சி கவிழ்ந்தது, அடுத்த வருஷம் எலக்ட்ரீசியன் குடியரசுத் தலைவர். 1996-இல், சுதந்திர போலந்தில், இந்தக் கப்பல் தளம் திவாலானது. சந்தை, தான் யார் தோளில் ஏறி வந்தது என்று பார்க்கவில்லை. ஏறக்குறைய இருபதாயிரம் பேர் நடமாடிய நிலத்தில் இன்று மதுக்கடைகள், கலைக்கூடங்கள், புது அடுக்குமாடிகள். சில பட்டறைகளில் மட்டும் இன்னும் வெல்டிங் பொறி பறக்கிறது. வலேசா எழுபதுகளில் உளவுத்துறைக்குத் தகவல் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு 2016-இல் காகிதங்கள் வெளிவந்தன. அவர் மறுக்கிறார். அன்னாவுக்கும் அவருக்கும் எண்பதுகளிலேயே முறிந்துவிட்டது. தன்னால் தொடங்கிய சங்கம் தன்னை ஓரங்கட்டியதாகவே அவர் கடைசிவரை நினைத்தார். 2010 ஏப்ரலில் ஸ்மோலென்ஸ்க் விமான விபத்தில் இறந்தார்.

செப்டம்பரில் ஊர் திரும்பினேன். ஈரோட்டில் ரயில் இறங்கி ஆட்டோவில் பாலம் ஏறும்போது இரவு பத்தரை. காவிரியில் தண்ணீர் குறைவு, சாயத்தின் வாடை. பாதிப் பாலத்திலேயே தறிச் சத்தம் கேட்க ஆரம்பித்தது.

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். கொண்டுபோன ஆம்பர் கல்லை அம்மாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு அந்த 21 கோரிக்கைகள் அச்சடித்த தாள். போலிஷ் மொழி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படிக்கிற மாதிரியே மேலிருந்து கீழே விரல் வைத்துப் பார்த்தார்.

"அந்த அம்மாவ வேலைக்கு எடுத்துக்கிட்டாங்கன்ன. ஐஞ்சு மாசம் கழிச்சு பென்ஷன் ஒழுங்கா வந்துச்சா?"

எனக்குத் தெரியவில்லை. ஏழு மாதம் அங்கே இருந்தும் அதைக் கேட்கத் தோன்றவில்லை.